கடைசிக்கு முந்திய பாட்டு

பதினான்கு லாரிகளில் என்னுடையது ஒன்பதாவது.
மேடையின் இடுப்பெலும்பு என் பொறுப்பு:
இரும்புச் சட்டங்கள், சங்கிலிகள், நான்கு டன் எடைக்கற்கள்.
பக்கவாட்டில் பதின்மூன்று மீட்டருக்கு
ரான்வெய்க்கின் முகம்.
பின்கதவிலும் அவள்தான். திறந்தால்
மூக்கோடு பிளந்து
கண்ணுக்கொரு திசையாகப் போவாள்.

ஆன்ட்வெர்ப், லியோன், டூரின், கிராட்ஸ்.
புது ஆல்பத்தின் பெயர் ‘உப்பின் எடை’.
எப்படியிருக்கிறது என்று
சுங்கச்சாவடியில் கேட்கிறார்கள்.
தெரியாது என்றால் நம்புவதில்லை.

அவள் பாடும்போது நான் தூங்க வேண்டும்.
சட்டம் அப்படி. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கருவி
என் ஓய்வைக் கணக்கெழுதுகிறது.
இரவு இரண்டுக்குக் கடைசிச் சங்கிலி ஏறும்,
இரண்டேகாலுக்குச் சாலையில் இருக்க வேண்டும்.

ஆகவே அரங்கின் முதுகுப்புறம்
குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே
கேபின் கட்டிலில் படுத்து
சுவர் கடந்து வருவதை மட்டும் கேட்கிறேன்.
சொல் வராது. மெட்டு வராது.
அடிவயிற்று அதிர்வு மட்டும் வந்து
தண்ணீர் பாட்டிலில் வட்டம் போடும்.
அதை வைத்தே பாட்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறேன்.
பல்வலி போல ஒன்று.
குடித்தவன் படியிறங்குவது போல ஒன்று.
இன்னொன்று, என் மனைவி ஔஷ்ரா
கோபத்தில் ரொட்டி மாவை அறைவது.

கடைசிக்கு முந்தியதுதான் எனக்குப் பிடித்தது.
உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து கொட்டுவதாகத் தொடங்கும்,
தாறுமாறாக.
பிறகு எங்கேயோ இரண்டு அடி ஒன்றுசேரும்,
நூறு சேரும்,
கடைசியில் ஒரே அடி,
பாட்டில் மூடி கழன்று விழுமளவு.
அது முடியாமல் தூங்கமாட்டேன்.
கருவிக்கு அது தெரியாது.

லியுப்லியானாவில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
இரண்டு நிகழ்ச்சி ரத்து.
பனியும் மழையுமாய்ப் பெய்த மாலையில்
யாரோ கேபினைத் தட்டினார்கள்.
ஆண்பிள்ளைக் கோட்டு, காலில் ஹோட்டல் செருப்பு,
பதின்மூன்று மீட்டர் முகம்
ஒரு சாணாகச் சுருங்கி.
வாயைத் தொட்டுக் கையை விரித்தாள்: பேசக்கூடாது.
சரக்குச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
‘பேருந்தில் எல்லாரும் எனக்காகக் கவலைப்படுகிறார்கள்.
கொஞ்சநேரம் இங்கே இருக்கலாமா?’

கம்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் இருந்தன.
வாலை மட்டும் எனக்கு மிச்சம் வைத்தாள்.
‘எந்தப் பாட்டு பிடிக்கும்?’
கேட்டுக் கேட்டுப் பழகிய கையெழுத்து.
பெயர் சொல்லத் தெரியாமல்
ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டினேன்,
முதலில் சிதறலாக,
பிறகு இரண்டு கையாலும்.

மறுபடி, என்றது அவள் விரல்.
மறுபடியும் தட்டினேன்.
பேனா ஒரே இடத்தில் நின்று மை கசிந்தது.
‘அது பாட்டு இல்லை.
நான் மேடையை விட்டு இறங்கியதும்
அவர்கள் தரையை உதைக்கிறார்கள்.’

சிரித்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.
மன்னிப்புக் கேட்கலாம்போல இருந்தது,
எதற்கென்றுதான் தெரியவில்லை.
நெருக்கி நெருக்கி எழுதினாள்:
‘அப்போது சுவரைப் பார்த்து நிற்பேன்.
ஒரு வாளி வைத்திருப்பார்கள், வாந்தி வந்தால் பிடிக்க.
நாற்பது நொடி. எண்ணுவதற்கு ஓர் ஆள் உண்டு.
அதை நான் கேட்டதே இல்லை.’

சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.
எடைக்கற்களுக்கான கையெழுத்து அதில்தான் இருந்தது.
கிராகோவில் அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

கிடான்ஸ்கில் குரல் திரும்பியது.
விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்தேன்.
பல்வலி போயிற்று, குடிகாரன் படியிறங்கினான்,
ஔஷ்ரா மாவை அறைந்து முடித்தாள்.
மூட்டை அவிழ்ந்தது.

நாற்பது. அறுபது.
நூற்றுப்பத்தில் மூடி விழுந்து
பெடல்களுக்கிடையே எங்கோ உருண்டது.
நான் எண்ணுவதை விட்டேன்.
அது நிற்கவில்லை.

கருவி அன்றைக்கும் எழுதியது:
ஓய்வு.